படைப்புக்கு வந்த இடத்தில் டேட்டா தீர்ந்து போகாமல் இருக்க

படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கல்யாணம், அறுபதாங்கல்யாணம் என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பல திறக்கின்றன. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் வந்து பத்து நாள் தங்குவார்கள். வருஷத்தில் பதினைந்து நாள் திறக்கிற வீட்டுக்கு மாதாமாதம் யார் ஃபைபர் இணைப்புக்குப் பணம் கட்டுவார்கள்? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதிலேயே லேப்டாப்பை இணைத்து ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள். முதல் நாள் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். அப்புறம் என்னைப் போல ஊரிலேயே இருக்கிற யாருக்காவது அழைப்பு வரும்: "அண்ணே, நெட் சுத்திக்கிட்டே இருக்கு, என்ன செய்யிறது?"

இதை எழுதுவது அவர்களுக்காகத்தான். பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். தேவையானதில் முக்கால்வாசி போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது, மீதி இலவச மென்பொருள்.

முதலில் ஒரு விஷயம். தினம் இத்தனை ஜி.பி. என்று தருகிற திட்டங்கள் பலவற்றில், அன்றைய அளவு தீர்ந்தால் இணைப்பு அறுந்துவிடாது, வேகம் 64 கே.பி.பி.எஸ். அளவுக்கு இறங்கிவிடும். டயல்-அப் காலத்து மோடத்தின் வேகம் 56 கே.பி.பி.எஸ். அதாவது அளவு தீர்ந்த பிறகு நாம் உட்கார்ந்திருப்பது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இணையத்தில். அந்தக் காலத்து மின்னஞ்சல் அந்த வேகத்தில் வந்தது. இந்தக் காலத்து வீடியோ மீட்டிங் வராது.

அந்த டயல்-அப் எங்கள் வீட்டில் இருந்தது. திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் மினுக்கும். அதைச் சொடுக்கினால் எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது என்று காட்டும். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அது போதாது. போன் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு, அதில் ஏறின மணி, இறங்கின மணி, யார் உட்கார்ந்தது. உள்ளூர் அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் (கட்டண அலகு) என்று கணக்கு. நல்ல லைனாக இருந்தால் அந்த மூன்று நிமிடத்தில் சுமார் ஒரு எம்.பி. இறங்கும். பில் வந்ததும் நோட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய கை, அதற்கு இது ஒன்றும் புதிதில்லை. நான் கீழே சொல்கிற முறை எல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

திட்டத்தைப் படியுங்கள்

ஊருக்குக் கிளம்பும் முன்பே உங்கள் சிம் நிறுவனத்தின் செயலியைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அளவு தினசரியா, மொத்தமா. இரண்டு, அளவு தீர்ந்தால் வேகம் குறையுமா, நின்றுவிடுமா, காசு பிடிக்குமா. மூன்று, எந்தத் தேதியில் முடிகிறது. தினசரித் திட்டங்களில் பொதுவாக நள்ளிரவு 12 மணிக்கு அளவு புதுப்பிக்கப்படும். பெரிய டவுன்லோடு ஏதாவது பாக்கி இருந்தால் இரவு 11 மணிக்கு மேல், அன்றைக்கு மிச்சமிருப்பதில் முடித்துக்கொள்ளலாம். எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) கட்டணம் குறையட்டும் என்று 11 மணி வரை விழித்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுதும் தீர்ந்ததும் நிறுவனங்கள் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்பது ட்ராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) விதி. வருகிற செய்திகளை விளம்பரம் என்று நினைத்துப் பலர் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பத்து நாளைக்காவது படியுங்கள்.

போனில் எங்கே பார்ப்பது

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் சிம். அங்கே செயலி வாரியாக டேட்டா செலவு வரிசையாக இருக்கும். பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டேட்டா' என்று போட்டால் வந்துவிடும். அந்த வரிசையில் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' என்று ஒரு வரி இருக்கும். லேப்டாப் இழுத்தது முழுதும் அந்த ஒரு வரியில்தான் வந்து விழும். எந்த மென்பொருள் இழுத்தது என்று போன் சொல்லாது, அதை லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும்.

அதே இடத்தில் எச்சரிக்கை அளவு, உச்ச அளவு என்று இரண்டு உண்டு. எச்சரிக்கை என்றால் மணி மட்டும் அடிக்கும். உச்ச அளவு என்றால் கதவையே சாத்திவிடும். புதியவர்கள் இரண்டையும் ஒரே எண்ணில் வைத்துவிட்டு, மீட்டிங் நடுவில் இணைப்பு போய்த் தவிக்கிறார்கள். எச்சரிக்கையை முக்கால் பங்கில் வையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு பொதுவாக மாதக் கணக்கில்தான் எண்ணும், எந்தத் தேதியில் ஆரம்பம் என்று கேட்கும். நம் ரீசார்ஜ் பெரும்பாலும் 28 நாள். வருஷத்துக்கு 13 முறை போட வேண்டிய கணக்கு அது. ஆக, 5-ஆம் தேதி என்று ஒருமுறை வைத்துவிட்டு மறந்தால், இரண்டு மூன்று ரீசார்ஜில் போன் காட்டுகிற மாதமும் உங்கள் திட்டத்தின் மாதமும் ஒன்றோடொன்று ஒட்டாது. ரீசார்ஜ் செய்கிற ஒவ்வொரு முறையும் தொடக்கத் தேதியை மாற்றிவிடுங்கள். தினசரித் திட்டக்காரர்களுக்கு இந்த மாதக் கணக்கு அவ்வளவாக உதவாது. அவர்கள் நிறுவனச் செயலியில் வரும் மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஐபோன்காரர்களுக்கு வேறொரு பழக்கம் வேண்டும். அதில் மொபைல் டேட்டா பக்கத்தில் 'நடப்புக் காலம்' என்று ஒரு எண் இருக்கும். அது தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது. போன் வாங்கின நாளிலிருந்து சேர்ந்த எண்ணைப் பார்த்து ஒருவர் பதறியதை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்த அன்று, பக்கத்தின் அடியில் இருக்கும் ரீசெட்டை அழுத்திவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்.

ஆண்ட்ராய்டின் 'டேட்டா சேவர்' நல்லதுதான். ஆனால் அதை இயக்கினால் பல போன்களில் ஹாட்ஸ்பாட் வேலை செய்யாது. "ஹாட்ஸ்பாட் வரவே மாட்டேங்குது" என்று வருகிற அழைப்புகளில் பாதி இதனால்தான்.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியது

இது கொஞ்சம் விரிவாகவே வேண்டும், ஏனென்றால் ஓட்டை இங்கேதான்.

போன வருஷம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் படைப்பு. பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறவர், தினம் 2 ஜி.பி. திட்டம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார், ஒன்பதரைக்குத் தீர்ந்துவிட்டது. "நான் ஒரு வீடியோகூடப் பாக்கலண்ணே" என்றார். பொய் சொல்கிற பிள்ளை இல்லை. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) தூணோரம் உட்கார்ந்து லேப்டாப்பின் டேட்டா செலவுப் பக்கத்தைத் திறந்தோம். மேலே முதல் வரியிலேயே இருந்தது: படங்களைத் தானாக இணையத்தில் சேமிக்கிற ஒரு செயலி. முந்தின இரவு கேமராவிலிருந்து படைப்புப் படங்களை லேப்டாப்பில் இறக்கி வைத்திருக்கிறார். காலையில் ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் அந்தச் செயலி நானூற்றுச் சொச்சம் படத்தையும் மேலே ஏற்றியிருக்கிறது. அவர் இறக்கியது மட்டும்தான் கணக்கில் வரும் என்று நினைத்திருந்தார். ஏற்றுவதும் கணக்குதான். பக்கத்தில் இருந்த அப்பத்தா, "வரவு மட்டும் எழுதிட்டு செலவ எழுதாம விட்டா கணக்கு எப்படிப்பா நேராகும்?" என்றார்கள். அதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ். விண்டோஸ் 10-இல் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டுக்குள் நேராகவே டேட்டா யூசேஜ் இருக்கும். மென்பொருள் வாரியாகக் கடந்த 30 நாள் செலவு அதில் தெரியும். முதலில் வைஃபை, ஈதர்நெட் (வயர் வழி இணைப்பு) இரண்டில் எதைப் பார்க்கிறீர்கள் என்று தேர்ந்தெடுங்கள். முதல் ஐந்து வரியை மட்டும் பாருங்கள். அநேகமாக அதில் இரண்டு நீங்கள் தெரியாமல் விட்டதாக இருக்கும்.

அடுத்தது, 'மீட்டர்டு கனெக்ஷன்' என்ற சுவிட்ச். உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, அதன் பண்புகளுக்குப் போனால் இருக்கும். இதை இயக்கினால், இது அளந்து தருகிற இணைப்பு என்று விண்டோஸுக்குப் புரியும். பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்குவது நிற்கும், ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) ஒத்திசைவு நிற்கும். எல்லா மென்பொருளும் இந்தச் சொல்லைக் கேட்காது. விளையாட்டு நிறுவி, படச் சேமிப்பு போன்றவற்றை அந்தந்த மென்பொருளிலேயே போய் நிறுத்த வேண்டும். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று அப்டேட் பகுதியில் இருக்கிறது. மற்றக் கம்ப்யூட்டர்களிலிருந்து வாங்கவும் அவற்றுக்குக் கொடுக்கவும் அனுமதிப்பது அது. அதையும் அணைத்துவிடுங்கள்.

பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. போனை யு.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் செய்தால், லேப்டாப் அதை வைஃபை என்று நினைக்காது, ஈதர்நெட் என்று நினைக்கும். நீங்கள் வைஃபைக்குப் போட்ட மீட்டர்டு சுவிட்ச் அங்கே செல்லாது. ஈதர்நெட் பக்கத்துக்குப் போய் மறுபடியும் போட வேண்டும். இதை மறந்து நானே ஒரு முழு நாள் அளவை இழந்திருக்கிறேன்.

இலவச மென்பொருள்கள்

விண்டோஸ் காட்டுவது 30 நாள் மொத்தம். இன்று, இந்த நிமிடம் எவ்வளவு போகிறது என்று கண்முன் தெரிய வேண்டுமானால் ட்ராஃபிக் மானிட்டர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், மூலநிரலும் திறந்தது. டாஸ்க்பாரிலேயே ஏற்றம் இவ்வளவு, இறக்கம் இவ்வளவு என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் செய்த வேலைதான். நாள் வாரியான பழைய கணக்கையும் அது சேமித்து வைக்கும். அதில் 'லைட்' பதிப்பே போதும். வெப்பநிலை எல்லாம் காட்டுகிற மற்றப் பதிப்பு நமக்கு வேண்டாம். நிறுவியதும் எந்த இணைப்பை எண்ண வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுங்கள். ஆபீஸ் வி.பி.என். (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகிற தனிவழி) ஓடும்போது எல்லா இணைப்பையும் சேர்த்து எண்ணச் சொன்னால், ஒரே டேட்டா இரண்டு தடவை எண்ணப்பட்டு எண் இரட்டிப்பாகும்.

எந்த மென்பொருள் எப்போது இழுத்தது என்று வரைபடமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கிளாஸ்வயர் இருக்கிறது. அதன் இலவசப் பதிப்பே நம் தேவைக்குத் தாங்கும்.

லினக்ஸ்காரர்கள் வி.என்.ஸ்டாட் போடுங்கள். என் சொந்தக் கம்ப்யூட்டரில் நான் வைத்திருப்பது அதுதான். அது கடந்து போகிற தகவலைப் பிரித்துப் பார்க்காது. இயங்குதளமே வைத்திருக்கிற எண்ணிக்கையை அவ்வப்போது எடுத்து எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் கம்ப்யூட்டருக்குப் பாரம் இல்லை, அந்தரங்கத்துக்கும் கேடு இல்லை. மணி வாரியாக, நாள் வாரியாக, மாத வாரியாகக் கேட்டால் சொல்லும். எந்த மென்பொருள் என்று மட்டும் சொல்லாது, அதற்கு நெட்ஹாக்ஸ் என்று இன்னொன்று உண்டு. நெட்வொர்க்ஸ் என்று முன்பு எல்லோரும் பரிந்துரைத்த மென்பொருளின் புதிய பதிப்புகள் காசுக்குத்தான். 'இலவச நெட்வொர்க்ஸ்' என்று கண்ட தளத்திலும் கிடைப்பதை இறக்காதீர்கள். எதை இறக்கினாலும் அதை உருவாக்கினவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள்.

மீட்டிங்குக்கு எவ்வளவு ஆகும்?

இதற்கு ஒரே எண் கிடையாது. செயலி, படத்தின் தெளிவு, எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறும். கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், டேட்டாவைப் பைட்டில் எண்ணுவார்கள், எட்டுப் பிட் ஒரு பைட். 2 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 2 மெகாபிட்) வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 15 எம்.பி., மணிக்கு 900 எம்.பி. தினம் 2 ஜி.பி. என்பது இரண்டே கால் மணி நேரம் என்று இப்போது தெரிகிறதல்லவா?

உங்கள் மீட்டிங் எவ்வளவு தின்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம். ஆரம்பிக்கும் முன் ட்ராஃபிக் மானிட்டரில் இன்றைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் குறியுங்கள், கழித்து ஆறால் பெருக்குங்கள். ஒரு தடவை கேமரா போட்டு, ஒரு தடவை கேமரா இல்லாமல். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மீட்டிங்குக்கு முகம் காட்ட வேண்டும், எதற்குக் குரல் போதும் என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

அழைப்புக் கணக்கு

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, நெட்வொர்க் யூசேஜ். அழைப்புகளுக்கு எவ்வளவு, படங்களுக்கு எவ்வளவு, ஸ்டேட்டஸுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். சிங்கப்பூரில் இருக்கிற மகளோடு ஆச்சி தினம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுவார்களானால் இந்தப் பக்கத்தை அவசியம் பாருங்கள். அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில், அழைப்புக்குக் குறைந்த டேட்டா எடு என்ற சுவிட்சும், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துகிற இடமும் உண்டு. கல்யாண வீட்டுக் குழு ஒன்றில் இருந்தால் போதும், அந்தத் தானியங்கி இறக்கம் எவ்வளவு தின்னும் என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டு சிம்மோடு வருகிறவர்கள் விமானம் இறங்குமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். பல திட்டங்களில் ரோமிங்கில் அழைப்பை எடுப்பதற்கும் காசு. ஊரில் இருக்கும் பெரியவர்களிடம், "அந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்க" என்று முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது.

வருஷம் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், தனியாக இருக்கிற ஆச்சிமார்கள் பலர் பட்டன் போன் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு டேட்டா வேண்டாம். ஆனாலும் டேட்டா சேர்ந்த திட்டத்தைத்தான் பிள்ளைகள் ரீசார்ஜ் செய்கிறார்கள். 2024 டிசம்பரில் ட்ராய் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தையும் நிறுவனங்கள் தர வேண்டும். அது பெரும்பாலும் செயலியின் முதல் பக்கத்தில் கண்ணில் படாது, தேடிப் பாருங்கள். ஒரு எண்ணில் டேட்டாவையே நிறுத்திவைக்க 1925 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் போனை எடுத்து எதையாவது அமுக்குகிற வீடுகளுக்கு அது உதவும்.

போனை எங்கே வைப்பது

காரை பூசிய கனத்த சுவரும், இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளுகிற கட்டுகளும் சிக்னலுக்கு ஆகாது. இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கொண்டு போனையும் அங்கேயே வைத்தால் ஒரு கோடு, இரண்டு கோடுதான் வரும். முகப்பிலோ மேல்மாடி ஜன்னலிலோ போனை வைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸைவிட அது சுவர் தாண்டும். நடுவில் வளவு திறந்த முற்றமாக இருப்பதால் அதற்கு நேராக உட்கார்ந்தால் இன்னும் நன்றாக வரும்.

நோட்டு

கடைசியாக ஒரு நோட்டு. செயலி எல்லாம் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். லேப்டாப் காட்டுவது லேப்டாப்பின் கணக்கு, போன் காட்டுவது போனின் கணக்கு, காசு பிடிப்பது நிறுவனத்தின் கணக்கு. மூன்றும் ஒருபோதும் அச்சாகப் பொருந்தாது. ஒருவர் ஒரு எம்.பி. என்பதை ஆயிரம் கே.பி.யாக எண்ணுவார், இன்னொருவர் 1024-ஆக எண்ணுவார், நிறுவனச் செயலியில் எண் மாறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தச் சிறு வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம். பெரிய வித்தியாசம் என்றால் 198-க்குப் புகார் சொல்லலாம். அப்போது கையில் தேதியும் எண்ணும் இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள்: தேதி, காலையில் மிச்சம், இரவில் மிச்சம், என்ன செய்தோம். அந்த நாலாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கானாடுகாத்தான் வீட்டுப் பேரன் மூன்றாம் நாள் எழுதியது இது: "காலை 2 ஜி.பி. இரவு 0.6. மீட்டிங் இரண்டு, கேமரா இல்லை. அப்பத்தா வீடியோ கால் 40 நிமிடம். படம் ஏற்றம் நிறுத்தியாச்சு." பெங்களூருக்குத் திரும்பும்போது அந்த நோட்டை அப்பத்தாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அதில் பால் கணக்கு ஓடுகிறது.